தொண்டரைத் தாங்குவதும் தொண்டே

அறம் செய்ய விழையும் செல்வர் ஒருவரைக் கருதிக்கொள்வோம். தம் ஊருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டவுடன் அவர் மகிழ்ந்து பொருள் தருகின்றார். கட்டடம் எழுப்பத் தருகின்றார். கட்டில்கள் வாங்கத் தருகின்றார். கிணறு வெட்டவும் தருகின்றார். சில ஆண்டுகள் கழித்து அம்மருத்துவமனையின் பொறுப்பாளர் மீண்டும் அவரிடம் செல்கின்றார். "எங்கள் செவிலியர் இருவரை ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்; இரவுப் பணி முடிந்தோர் படுத்துறங்க நல்லதோர் அறை வேண்டும்; கணக்கருக்கு ஊதியம் சிறிது உயர்த்த வேண்டும்" என்கின்றார். செல்வரின் முகம் மாறுகின்றது. "நான் நோயாளருக்காகக் கொடுப்பேன், பணியாளருக்காகக் கொடேன்" என்று விடை கூறுகின்றார்.

இவ்விடை கேட்பதற்கு நேர்மையானதாகவே தோன்றும். ஏழைக்கென்று ஒதுக்கிய பொருள் ஏழையைச் சென்று சேர வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதனுள் இருக்கின்றது. ஆயினும் அதனுள்ளேயே ஒரு பிழையும் இருக்கின்றது. நோயாளரைத் தொட்டுத் தூக்குவது கட்டில் அன்று. ஒரு மனிதரின் கை. அந்தக் கை பயிற்சி பெற்றதா, பசியோடிருக்கின்றதா, களைத்து நடுங்குகின்றதா என்பதைப் பொறுத்தே நோயாளரின் நலம் அமைகின்றது. ஆகவே, தொண்டு நிறுவனங்களுக்குப் பொருள் தருவோர் அங்குப் பணிபுரிவோரின் பயிற்சிக்கும் வாழ்வுக்கும் தருவது அறத்திலிருந்து விலகிச் செல்வதா, அன்றி அறத்தின் நடுவுக்கே செல்வதா என்பதை இன்று ஆராய்வோம்.

இக்கேள்வி புதியதன்று. நம் நாட்டுக் கல்வெட்டு ஒன்றே இதற்குத் தெளிவான விடை தருகின்றது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்குமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கின்றது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆட்சி புரிந்த வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் உண்டு உறையும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் நடைபெற்றன. ஆதுலர்சாலை என்பது மருத்துவமனையைக் குறிக்கும் பழஞ்சொல்.

அந்த ஆதுலர்சாலைக்கு வழங்கிய கொடையைக் கல்வெட்டு எவ்வாறு பட்டியலிடுகின்றது என்பதே நாம் உற்றுநோக்கத் தக்கது. படுக்கைகளின் எண்ணிக்கையோடு அது நின்றுவிடவில்லை. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மருந்துச் செடிகளும் விறகும் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்வார் ஒருவர் என்று ஆட்களைத் தனித்தனியே எண்ணுகின்றது. அவரவர்க்கு உரிய நெல்லையும் காசையும் வகுக்கின்றது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கூறுகின்றது. கொடை என்றால் என்ன என்பதை அக்கல்லைப் பொறித்தவர் நன்கு அறிந்திருந்தார். விறகு கொணர்வோனின் நெல்லை விட்டுவிட்டால் மருந்து காய்ச்ச இயலாது. மருந்து காய்ச்சாவிட்டால் 15 படுக்கைகளும் வெறும் மரமே. ஆதலின் பணியாளரின் படி 'மேற்செலவு' என்று தனியே ஒதுக்கப்படவில்லை. அதுவே அறக்கட்டளையின் உடலாக அமைந்தது.

ஆனால் இவ்வுண்மை எல்லாக் காலத்தும் எல்லார்க்கும் தெளிவாக இருந்ததில்லை. கொடையாளர் ஒருவர் இதனைத் தம் சொந்தப் பட்டறிவால் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறு, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் நிகழ்ந்தது. அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

லிவர்ப்பூல் என்பது இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள பெருந்துறைமுகம். அங்கு வாழ்ந்த வணிகர் வில்லியம் ராத்போன் என்பவர். 1819-ஆம் ஆண்டு பிறந்த அவர், தலைமுறை தலைமுறையாக அறச்செயல்களில் ஈடுபட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். 1859-ஆம் ஆண்டில் அவருடைய மனைவியார் நெடுநாள் நோயுற்று மறைந்தார். நோய்க்காலத்தில் மேரி ராபின்சன் என்னும் செவிலி அவர் வீட்டில் தங்கி அம்மையாரைப் பேணினார். நல்ல செவிலி ஒருவர் அருகிலிருந்ததால் நோயின் கொடுமை எவ்வளவு தணிந்தது என்பதை ராத்போன் கண்டார். செல்வர் வீட்டிலேயே துன்பம் இத்தகையது என்றால், செவிலியை நினைத்தும் பார்க்க இயலாத ஏழை வீடுகளில் நோயாளர் படும் பாடு எத்தகையதாக இருக்கும் என்று எண்ணினார். மேரி ராபின்சனுக்குத் தாமே ஊதியம் தந்து, மூன்று மாத காலம் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பேணுமாறு வேண்டினார்.

ஒரு மாதம் சென்றது. அச்செவிலி அழுதுகொண்டே ராத்போனிடம் திரும்பி வந்தார். தாம் காணும் துயரத்தை இனித் தாங்க முடியாது என்றார். பயிற்சியிற் குறைந்தவர் அல்லர் அவர். இரக்கத்திற் குறைந்தவரும் அல்லர். இரக்கம் மிகுந்தமையால்தான் அவர் மனம் உடைந்தது. கொடையாளர் பலர் இந்நிலையில், "இவர் இப்பணிக்கு ஏற்றவர் அல்லர்" என்று கூறி வேறொருவரைத் தேடியிருப்பர். ராத்போன் அவ்வாறு செய்யவில்லை. ஒப்புக்கொண்ட மூன்று மாதமும் முடியும்வரையேனும் பொறுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தபோது மேரி ராபின்சன் மீண்டும் வந்தார். தம்மால் எவ்வளவு துன்பத்தைக் குறைக்க முடிகின்றது என்பதைக் கண்டுகொண்டதாகவும், இனிச் செல்வர் வீட்டுப் பணிக்குத் திரும்ப விரும்பவில்லை என்றும் கூறினார். இது முதற்பாடம். தொண்டு செய்வோரின் மனமும் தேய்வது. தேயும் வேளையில் ஒருவர் உடனிருந்து தாங்கினால், அதே மனம் முன்னிலும் உறுதி பெறும்.

இவ்வெற்றியைக் கண்ட ராத்போன், ஒரு செவிலி செய்ததைப் பல செவிலியர் செய்தால் நகரம் முழுவதும் நலம் பெறுமே என்று எண்ணினார். பணம் இருந்தது, மனம் இருந்தது, வேலையும் மலைபோல் இருந்தது. ஆனால் ஆட்கள் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் அக்காலத்தில் மிக அரியர். விலைக்கு வாங்கலாம் என்றால் கடையில் இல்லாத பொருள் அது. இரண்டாம் பாடத்தை அவர் இங்குக் கற்றார். பணம் தொண்டாக மாறுவதற்கு இடையில் ஒரு படி உண்டு. அந்தப் படி, பயின்ற மனிதர். அவரை உருவாக்காமல் பணத்தை மட்டும் கொட்டினால், அது தொண்டாக மாறாமல் பணமாகவே கிடக்கும்.

1861-ஆம் ஆண்டில் ராத்போன், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கு எழுதி அறிவுரை கேட்டார். கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணிப் புகழ்பெற்றவர் அவ்வம்மையார். அவரும் இதே கேள்வியைத் தம் வாழ்விற் சந்தித்திருந்தார். 1855-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், அவருடைய தொண்டைப் போற்றும் வகையில் நிதி ஒன்று திரட்ட முடிவு செய்யப்பட்டது. படைவீரர்கள் தம் ஒரு நாள் ஊதியத்தைத் தந்தனர். பொதுமக்களும் தந்தனர். ஏறக்குறைய 45,000 பவுன் திரண்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை.

அப்பணத்தைக் கொண்டு நைட்டிங்கேல் பெயரால் ஒரு மருத்துவமனை எழுப்பியிருக்கலாம்; உருவச்சிலை நிறுவியிருக்கலாம். இரண்டும் செய்யப்படவில்லை. 1860-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்க அந்நிதி பயன்பட்டது. பயிலவந்த பெண்கள் ஓராண்டுப் பயிற்சி பெற்றனர். உணவும் உறையுளும் நிதியிலிருந்தே வழங்கப்பட்டன; கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுனும் தரப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறங்கும் அறை இருந்தது. இக்காலத்துக் கொடையாளர் பலர் வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடக்கூடிய செலவு இது. பகல் முழுதும் நோயாளரின் நடுவில் நின்று உழைப்பவள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கத் தனக்கென ஓரிடம் வேண்டும் என்பதை நைட்டிங்கேல் அறிந்திருந்தார்.

ராத்போனுக்கு அவர் கூறிய அறிவுரையும் இதுவே: வேண்டிய செவிலியரை லிவர்ப்பூலிலேயே பயிற்றி உருவாக்குங்கள். ராத்போன் அதனை ஏற்றார். லிவர்ப்பூல் அரச மருத்துவமனையைச் சார்ந்து, தம் பொருளைக் கொண்டு பயிற்சிப் பள்ளியும் செவிலியர் இல்லமும் அமைத்தார். அங்குப் பயின்றோர் சிலர் மருத்துவமனையிற் பணி செய்தனர். சிலர் ஏழைகளின் வீடுகளை நாடிச் சென்றனர். நகரம் 18 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு செவிலி. அவருக்குத் துணையாக மேற்பார்வை செய்ய ஒரு பெருமாட்டி. 1859-இல் ஒரே ஒரு செவிலியாகத் தொடங்கிய பணி, சில ஆண்டுகளில் ஒரு பெருநகரம் முழுவதும் பரவிற்று. இடையில் நேர்ந்த மாற்றம் ஒன்றே: கொடை, பணியை வாங்குவதை விடுத்துப் பணியாளரை வளர்க்கத் தொடங்கியது.

இதுவரை கூறியது வெற்றியின் வரலாறு. இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். லிவர்ப்பூலில் வறியோர் விடுதி ஒன்று இருந்தது. அதன் மருத்துவப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் கிடந்தனர். அவர்களைப் பேண, அவ்விடுதியிலேயே தங்கியிருந்த வறிய பெண்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குப் பயிற்சி இல்லை. பலர் குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்தனர். செலவு மிகக் குறைவு. கேடு மிக அதிகம். பயிற்சி பெற்ற செவிலியரை அங்கு அமர்த்துமாறும், அதற்கான செலவைத் தாமே சில ஆண்டுகள் ஏற்பதாகவும் ராத்போன் நகர நிருவாகத்தாரிடம் கூறினார். 1865-ஆம் ஆண்டில் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் பெருமாட்டி, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்ற செவிலியர் பன்னிருவருடன் அப்பொறுப்பை ஏற்றார்.

அவர் செய்த பணி வியத்தற்குரியது. மூன்று ஆண்டுகளுக்குள் ஒழுங்கற்றுக் கிடந்த அவ்விடத்தில் ஒழுங்கு பிறந்தது. ஐயத்தோடு பார்த்த நகர நிருவாகத்தாரும் உடன்பட்டனர். ஆனால் பன்னிரண்டு செவிலியரும் சில பயிலுநரும் ஆயிரம் நோயாளருக்கு எம்மட்டு? சுமையின் பெரும்பகுதி தலைவியின் தோள்மேல் விழுந்தது. 1868-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டைபஸ் காய்ச்சலால் ஆக்னஸ் ஜோன்ஸ் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 35. அவர் இடத்தை நிரப்பத் தக்க ஒருவரைக் கண்டுபிடிப்பது மிக அரிதாயிற்று. நைட்டிங்கேல் அவரைப் பற்றி 'ஊனாவும் சிங்கமும்' என்னும் கட்டுரையை அவ்வாண்டே எழுதினார். அதில் அவர் அளவுக்கு மீறி உழைத்ததைக் குறிப்பிட்டார். அத்துடன் நில்லாது, இளம்பெண்கள் முன்வந்து முறையாகப் பயிற்சி பெற வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் தியாகத்தின் சிறப்பாக மட்டும் கூறி முடித்துவிடுதல் எளிது. நம் மேடைகளில் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றோம். தொண்டர் மெழுகுவத்தி போல் உருகி ஒளி தந்தார் என்கின்றோம், மாலை சூட்டுகின்றோம். ஆனால் மெழுகுவத்தி உருகி முடிந்தபின் அறை இருண்டுவிடுகின்றது என்பதை மறந்துவிடுகின்றோம். ஒருவரின் தியாகத்தை மட்டும் நம்பி நிற்கும் தொண்டு, அவர் விழும்போது தானும் விழும். நைட்டிங்கேல் அம்மையாரோ அழுதுவிட்டு அமையவில்லை. அடுத்த வரிசையைப் பயிற்றவேண்டும் என்றார். தியாகிக்குச் செய்யும் உண்மையான சிறப்பு, அவருக்கு அடுத்தவரை முன்கூட்டியே உருவாக்கி வைத்தலே.

இக்கருத்து பின்னர் மேலும் வளர்ந்தது. லண்டனில் ஏழைகளின் வீடு சென்று பேணும் செவிலியருக்கென 1874-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அதற்குப் பொருள் வேண்டி 1876-இல் நைட்டிங்கேல் 'டைம்ஸ்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று, செவிலியருக்கு உண்மையான இல்லம் வேண்டும் என்பது. பகலெல்லாம் பிறர் வீட்டு நோயைச் சுமந்து திரும்பும் பெண், தனியறையில் தானே சமைத்து, தானே துவைத்து, பேச்சுத்துணையும் இன்றி வாழ்ந்தால் விரைவில் தளர்வாள். நல்லுணவும் தோழமையும் தேர்ந்தவரின் வழிகாட்டலும் ஓரிடத்தில் கிடைக்குமானால் நெடுங்காலம் நிலைத்துப் பணியாற்றுவாள் என்பதே அவர் கருத்தின் சாரம். 1887-ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் பொன்விழாவுக்கென்று பெண்கள் திரட்டிய நிதியிலிருந்து 70,000 பவுன், வீடு சென்று பேணும் செவிலியரின் பயிற்சிக்கும் அமைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. ஒரு வணிகரின் வீட்டுத் துயரத்தில் முளைத்த எண்ணம் ஒரு நாட்டின் ஏற்பாடாயிற்று.

இனி, நம் தமிழகத்துக்குத் திரும்புவோம். மருத்துவத் தொண்டுக்குப் பெயர்பெற்ற இரண்டு நிறுவனங்கள் இங்கே இதே பாடத்தைத் தத்தம் வழியிற் கற்றன.

ஒன்று வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் அங்குச் சிறிய அளவில் மருத்துவம் தொடங்கினார். அமெரிக்கச் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகத் தந்த பொருளால், 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. கட்டடம் வந்தது, நோயாளரும் வந்தனர், ஆனால் ஒரு மருத்துவரின் இரு கைகள் எத்தனை பேருக்குப் போதும்? இந்நாட்டுப் பெண்களையே பயிற்றினால் அன்றி இப்பணி வளராது என்று அவர் கண்டார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1918-இல் 17 மாணவியருடன் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1946-இல் செவிலியருக்குப் பட்டப்படிப்பும் வந்தது. இன்று அந்நிறுவனம் நாடறிந்த பெருநிறுவனமாக நிற்பதற்கு முதற்காரணம் 1902-இன் கட்டடமா, 1909-இலும் 1918-இலும் தொடங்கிய பள்ளிகளா என்று எண்ணிப்பாருங்கள். முன்னது 40 நோயாளரைத் தாங்கியது. பின்னவை தலைமுறை தலைமுறையாக மருத்துவரையும் செவிலியரையும் நாட்டுக்கு அளித்தன.

மற்றொன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். கண்புரையால் பார்வையிழந்த ஏழைகள் எண்ணிலர். கண் மருத்துவர் சிலர். அம்மருத்துவமனை கண்ட வழி இது: சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்து, உதவித்தொகை தந்து இரண்டாண்டு பயிற்றினார்கள். பார்வையைச் சோதிப்பது, நோயாளரை அறுவைக்கு ஆயத்தம் செய்வது, கருவிகளைத் தூய்மை செய்வது, நோயாளருக்கு எடுத்துக்கூறித் தேற்றுவது முதலிய பணிகளை அவர்கள் ஏற்றனர். மருத்துவரின் நேரம் மருத்துவரால் மட்டுமே செய்யத்தக்க செயலுக்கு எஞ்சியது. இதனால் ஒரு மருத்துவர் ஒரு நாளில் செய்யக்கூடிய அறுவைகள் பெருகின. ஆயிரக்கணக்கான ஏழைகள் கட்டணமின்றிப் பார்வை பெற்றது இந்தச் சிற்றூர்ப் பெண்களின் பயின்ற கைகளால் என்பது மிகையன்று. 1992-ஆம் ஆண்டில், அரிமா சங்கங்களின் பன்னாட்டு அமைப்பும் சேவா அறக்கட்டளையும் துணைநிற்க, பிற கண் மருத்துவமனைகளின் பணியாளரையும் பயிற்றும் நிலையம் ஒன்று மதுரையிலேயே அமைந்தது. கொடையாளர் இங்கே கண்ணாடிகளையும் மருந்துகளையும் மட்டும் வாங்கித் தரவில்லை. பிற இடங்களிலும் பணி சிறக்க வழிசெய்யும் ஆற்றலை வாங்கித் தந்தனர்.

இத்தனை சான்றுகள் இருந்தும், பொருள் தருவோர் பணியாளருக்குத் தரத் தயங்குவது ஏன்? காரணம் கணக்கேட்டில் இருக்கின்றது. தொண்டு நிறுவனத்தின் செலவுகளை இரண்டு பத்திகளாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று, திட்டச் செலவு. மற்றது, நிருவாகச் செலவு. பின்னது குறையக் குறைய அந்நிறுவனம் நல்லது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கின்றது. நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்கள் அத்தொகையில் நூற்றுக்கு 50 வரை நிருவாகத்துக்குச் செலவிடலாம் என்றிருந்த எல்லை, 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20 ஆகக் குறைந்தது. மருத்துவமனையின் மருத்துவர் ஊதியமும் பள்ளியின் ஆசிரியர் ஊதியமும் இதனுள் அடங்கா. எல்லை வகுப்பதில் ஒரு நியாயமும் உண்டு. பிறர் பொருளைக் கையாள்வோருக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கை ஒன்றையே நன்மையின் அளவுகோலாகக் கொள்ளும்போதுதான் தீங்கு பிறக்கின்றது.

அத்தீங்கு எவ்வாறு வளர்கின்றது என்பதை, 2009-ஆம் ஆண்டில் ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹவர்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஒரு கட்டுரையில் விளக்கினர். பொருள் தருவோர், நிருவாகச் செலவு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். நிறுவனம் அதற்கு அஞ்சிப் பயிற்சியையும் கணக்கரையும் கருவிகளையும் குறைக்கின்றது. எஞ்சியதையும் குறைத்துக் காட்டுகின்றது. அந்தக் குறைந்த எண்ணைக் கண்ட கொடையாளர், 'இவ்வளவே போதும் போலும்' என்று எண்ணி அடுத்த ஆண்டு மேலும் குறைவாக எதிர்பார்க்கின்றனர். இச்சுழலில் நிறுவனம் ஆண்டுக்காண்டு மெலிகின்றது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் பட்டினிச் சுழல். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம்மவர். இங்கே சித்திரத்துக்குப் பரிசு தருகின்றார்கள். சுவரை மட்டும் மழையில் கரைய விடுகின்றார்கள்.

இனி, எழக்கூடிய தடைகள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

பணியாளருக்கென்று கொடுத்தால் அப்பணம் உயர்ந்த ஊதியமாகவும் வீண் வசதியாகவும் கரைந்துவிடாதா என்பது முதல் தடை. கரைவதும் உண்டு. அதற்கு மருந்து, கொடுக்காதிருத்தல் அன்று, கணக்குக் கேட்டல். கட்டடத்துக்குக் கொடுக்கும்போது செங்கல் எத்தனை, சுண்ணாம்பு எத்தனை என்று கேட்கின்றோம் அல்லவா? அவ்வாறே, எத்தனை பேர் பயின்றனர், பயின்ற பின் அவர்கள் பணியில் என்ன மாறியது, எத்தனை பேர் மூன்றாண்டுக்கு மேல் நிலைத்தனர் என்று கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்விகள் இவை.

பயிற்சி பெற்றவர் வேறிடம் சென்றுவிட்டால் போட்ட பொருள் வீணன்றோ என்பது இரண்டாம் தடை. இதற்கு நைட்டிங்கேல் பள்ளியின் வரலாறே விடை. அங்குப் பயின்றோர் பலர் வேறு மருத்துவமனைகளுக்குச் சென்றனர். 1868-இல் லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து செவிலியருடன் கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று, அங்குப் பயிற்சி முறையைத் தொடங்கினார். செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு அது இழப்பென்றே கொள்ளுங்கள், உலகுக்கு இழப்பாகுமா? வணிகன் தன் பணியாளன் போட்டிக் கடைக்குப் போனால் வருந்தலாம். அறம் செய்வோர்க்குப் போட்டிக் கடை ஏது? நோயாளர் எங்கிருப்பினும் நோயாளரே. அதோடு, நல்லிடத்தில் நன்கு நடத்தப்படுவோர் எளிதில் விட்டுச் செல்வதும் இல்லை. பெரும்பாலும் போவோர், தாங்க முடியாமல் போவோரே.

மூன்றாம் தடை நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. தொண்டுக்குக் கூலி தந்தால் தொண்டின் தூய்மை கெடாதா என்று கேட்கின்றோம். தொண்டு என்னும் சொல்லே நமக்கு எதிர்பார்ப்பற்ற பணியை நினைவூட்டுகின்றது. ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். ஊதியமின்றிப் பணியாற்ற வல்லவர் யார்? வீட்டில் வேறு வருவாய் உடையவர். தொண்டுக்கு வறுமையை விலையாக வைத்தால், ஏழையின் துயரை நேரில் அறிந்த ஏழை வீட்டுப் பிள்ளை அத்தொண்டுக்கு வர இயலாது போகும். மதுரையில் கண்ணொளி தரத் துணைநின்ற சிற்றூர்ப் பெண்கள் உதவித்தொகையின்றிப் பயிற்சிக்கு வந்திருக்கக் கூடுமோ? வயிறு நிறைந்திருப்பதால் இரக்கம் குறைவதில்லை. கவலையற்ற மனம் பிறர் கவலையைக் கேட்க இடம் பெறுகின்றது.

அவ்வாறாயின், பொருள் தருவோர் செய்யத்தக்கவை யாவை? பெரிய புதுமை ஒன்றும் வேண்டுவதில்லை. ஓராண்டுக்கு மட்டும் தராமல் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு உறுதியளித்துத் தரலாம். அப்போதுதான் நிறுவனம் ஒருவரைத் துணிந்து அமர்த்திப் பயிற்ற முடியும். ஒவ்வொரு கொடையிலும் ஒரு பகுதியைப் பயிற்சிக்கென்றே குறிக்கலாம். நோயுற்றாலும் முதுமையுற்றாலும் பணியாளர் தெருவில் நில்லாதிருக்கக் காப்பீட்டுக்கும் ஓய்வுக்கால நிதிக்கும் உதவலாம். தலைவர் ஒருவர் விலகினால் அடுத்தவர் ஆயத்தமாக இருக்க, இரண்டாம் வரிசையினரை வளர்க்கச் சொல்லலாம். கடும்துயரை நாள்தோறும் காண்போர்க்கு ஓய்வும், மனம்விட்டுப் பேச மூத்தோர் துணையும் அமைத்துத் தரலாம். இவற்றையெல்லாம் தாமே கட்டளையிடாமல், என்ன குறை என்று பணியாளரையே கேட்டு அறிதல் இன்னும் சிறந்தது. அழுதுகொண்டு வந்த செவிலியின் சொல்லை ராத்போன் செவிமடுத்ததனாலன்றோ பின் நிகழ்ந்தவை யாவும் நிகழ்ந்தன?

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை பொருள் ஈட்டி அறம் செய்வீர்கள். சிலர் ஆசிரியராகவோ, செவிலியராகவோ, சிற்றூர்ப் பணியாளராகவோ தொண்டு நிறுவனங்களில் சேர்வீர்கள். கொடுக்கும் நிலையில் இருப்போர், "என் பணத்தில் எத்தனை நோயாளர் நலம் பெற்றனர்?" என்று கேட்பதோடு, "அவர்களைப் பேணியவர் நலமாக இருக்கின்றாரா?" என்றும் கேளுங்கள். பணி செய்யும் நிலையில் இருப்போர், பயிற்சியும் ஓய்வும் நேர்மையான ஊதியமும் கேட்பதற்கு நாணவேண்டா. அவை உங்களுக்காக மட்டும் கேட்பவை அல்ல. உங்கள் கைகளை நம்பிப் படுத்திருப்போருக்காகவும் கேட்பவை. ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன் திருமுக்கூடலில் ஒரு சிற்பி, மருத்துவரின் பங்கோடு விறகு சுமப்போனின் பங்கையும் தண்ணீர் சுமப்போனின் பங்கையும் ஒரே கல்லில் ஒரே அளவு எழுத்தாற் பொறித்தான். கொடையாளர் ஒவ்வொருவரும் தம் கொடைப் பத்திரத்தை எழுதும்போது அந்த வரிகளுக்கும் இடம் விடுவாராக.